அளக்கப்படாத ஈயம்

தமிழ்நாட்டில் ஆறு மாதம் நிறைந்து ஐந்து வயது நிறையாத குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தந்த எண் இது. 2015-16இல் இது 50.7ஆக இருந்தது. சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் பேர்போன மாநிலத்தில், முட்டையும் இரும்புச்சத்து மருந்தும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பிறகும், எண் இறங்காமல் ஏறியிருக்கிறது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தட்டில் சோறுதான் மிகுதி, கீரையும் பயறும் பேருக்கு. குடற்புழு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் அளவு பிசகும். கொடுத்த மருந்து வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இந்தப் பேச்சில் ஈயத்தின் பெயர் மட்டும் வருவதில்லை.

ஈயம் என்று இங்கே சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம், அதனால் பழுதில்லை. விலை மலிவாகட்டும் என்று அதில் காரீயத்தைக் கலந்துவிட்டால்தான் வினை. புளித்த ரசம் அதைக் கரைத்து இறக்கிவிடும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சோகைக்கு ஈயம்தான் காரணம் என்று நான் வாதாட வரவில்லை. சோகையும் ஈயமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதுதான் விஷயம். இரும்புச்சத்து குறைந்த குடல், இரும்பை உள்ளே இழுக்கும் வாசல்களை அகலத் திறந்து வைக்கிறது. அந்த வாசல் வழியாகவே ஈயமும் நுழைகிறது. நுழைந்த ஈயம், ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் உருவாவதற்கு வேண்டிய நொதிகளை முடக்குகிறது. இது போதாதென்று, சோகை பிடித்த பிள்ளை மண் தின்னும். சாம்பல், செங்கல் தூள், சிலேட்டுப் பல்பம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் ஈயம் இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். இரண்டில் ஒன்றை மட்டும் ஊர் ஊராக அளந்துவிட்டு மற்றதைத் திரும்பியே பார்க்காமல் இருப்பது அரைகுறைக் கணக்கு.

இதைப் பேசப் பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஈய நச்சு என்றதும் புகைபோக்கி வைத்த உலைகளும் பெருநகரத்துச் சாலை நெரிசலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இந்த இரண்டு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் யாருக்கும் தோன்றாதவை. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் ஒருமுறை பிரிந்து, திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது அரியலூர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். மாநிலத்திலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை. அரியலூரில் 7.55 லட்சம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிக் காடுகள் ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் மறுபக்கம். இன்றைக்கு ஒரு பிள்ளையின் உடலுக்குள் ஈயம் போவது பெரும்பாலும் சந்தைச் சரக்கின் வழியாக. பேட்டரி, மஞ்சள், சமையல் பாத்திரம், பெயின்ட் எல்லாம் சென்னைக்குப் போகிற மாதிரியே குன்னத்துக்கும் செந்துறைக்கும் போகின்றன. ஆகவே ஈயத்தைப் பற்றிய உண்மையான கேள்வி இப்படிப்பட்ட சாதாரண மாவட்டங்களில்தான் இருக்கிறது.

அரியலூர்க்காரர்களிடம் மாசு என்று ஆரம்பித்தால் பேச்சு நேரே சிமென்ட் தூசிக்கும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் போய்விடும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. துணி காயப்போட முடியாத தெருக்களில் வாழ்கிறவர்களுக்கு வேறென்ன பேச்சு வரும்? ஆனால் அந்தத் தூசியின் முதல் கேடு நுரையீரலுக்கு. அது தனிக் கணக்கு. ஈயத்தைத் தேடுகிறவர் லாரி கிளப்பும் தூசியை விட்டுவிட்டு லாரியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

அதற்கு முன் அளவுகளைக் கொஞ்சம் பழகிக்கொள்வோம். ரத்தத்தில் ஈயத்தை ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுகிறார்கள். இனி ரத்த அளவாக வெறும் எண்ணைச் சொன்னால் அந்த அலகுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்றது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இல் 10 என்றும், 2012இல் 5 என்றும், 2021இல் 3.5 என்றும் தன் கோட்டை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கோடுதான் இறங்குகிறது, இதற்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று சொல்லும் அளவு எதுவும் அகப்படவில்லை.

பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் சுமார் 800 மில்லி ரத்தம் ஓடும். அளவு 5 என்றால் அந்த ரத்தம் முழுவதிலும் இருக்கும் ஈயம் 40 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம் இருக்கிறது. ஆக ஒரே ஒரு கிராம் ஈயம் 25,000 குழந்தைகளின் ரத்தத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவரப் போதும். பெரியவர் ஒருவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உடலில் சேருமென்றால், சிறு குழந்தைக்குப் பாதி வரை சேர்ந்துவிடும். ரத்தத்தில் அது ஒரு மாதம் போல் தங்கி, பிறகு எலும்புக்குப் போய்ப் பல ஆண்டுகள் அங்கே குடியிருக்கும். கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதை ஏற்றுக்கொள்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால், பின்னாளில் கருவுறும்போது எலும்பு கரைந்து, அந்தப் பழைய ஈயம் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

மூளைக்கு என்ன ஆகிறது என்பதுதான் இதில் முக்கியம். 2005இல் புரூஸ் லான்பியரும் உடனிருந்த ஆய்வாளர்களும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ரத்த ஈயம் 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது நுண்ணறிவு எண்ணில் 3.9 புள்ளி போகிறது. 10இலிருந்து 20க்கு ஏறினால் 1.9, 20இலிருந்து 30க்கு 1.1. முதல் சில மைக்ரோகிராம்கள்தான் அதிகம் பறிக்கின்றன. வலிப்பும் மயக்கமும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற பிள்ளைகள் அபூர்வம். நான்கு புள்ளி போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போய்வரும். “படிப்பு ஏறல”, “சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குறான்”, “ஒரு இடத்துல உக்கார மாட்டான்” என்று வாத்தியாரும் வீட்டாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்படிச் சொல்லப்படும் பிள்ளையெல்லாம் ஈயம் தின்ற பிள்ளை என்று முடிவுகட்டினால் அது பெரிய அபத்தம். ஒரு பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. ஓர் ஊரின் பிள்ளைகளைச் சேர்த்து அளந்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் அப்படி அளந்திருக்கிறார்கள். சென்னையில் 2005-06இல் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவும் ஹோவர்ட் ஹு, டேவிட் பெலிங்கர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்களும் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சராசரி 11.4. ஈயம் கூடக்கூடப் பதற்றம், கவனச்சிதறல், மற்றவரோடு பழகுவதில் சிக்கல் ஆகியவை கூடியதை ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகள் காட்டின. 2009இல் இது அச்சில் வந்தது. அமெரிக்காவில் ஈய பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்த 1976-80 காலத்தில் அங்கே ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் சராசரி 15. அந்த இடத்துக்குச் சற்றுக் கீழேதான் 2005இல் சென்னைப் பிள்ளைகள் நின்றார்கள்.

இந்தியாவில் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈய பெட்ரோல் நின்றது. அது நிற்பதற்குச் சற்று முன், ஜார்ஜ் அறக்கட்டளை பெங்களூரு மருத்துவர்களோடு சேர்ந்து சென்னை உட்பட இந்திய நகரங்களில் நடத்திய சோதனையில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் 10க்கு மேல் ஈயம் இருந்தது. பெட்ரோல் மாறியதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். உண்மையிலேயே பெரிய வெற்றிதான் அது. ஆனால் ஐந்தாறு வருடம் கழித்தும் சென்னையின் சராசரி 11.4 என்றால், வேறு வழிகள் திறந்தே இருந்திருக்கின்றன.

வேலூர்க் கதை இன்னும் நெருக்கமானது. சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவின்படி 15 மாத வயதில் 45 சதவீதம் பேருக்கும், 24 மாத வயதில் 46.5 சதவீதம் பேருக்கும் 10க்கு மேல் ஈயம். மண் தரை வீட்டுப் பிள்ளைகளுக்கும் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. சோகையும் ஈயமும் கைகோத்துக்கொண்டதும் அங்கே தெரிந்தது. குழாய் நீர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பிவிசி குழாய். குழாய் இளகாமல் இருக்க அதில் ஈய உப்பு சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அதற்கு ஒன்றிய அரசு தனி விதி போட்டுக் கடிவாளம் பூட்டியது 2021இல்தான். வேலூரில் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பெரம்பலூர்ப் பாறைக்காட்டில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பிவிசி வழியாக ஏறிவரும் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் உப்பு, ஃபுளோரைடு இவற்றோடு ஈயத்தையும் சேர்த்துப் பார்க்க இந்த ஒரு ஆய்வே போதிய காரணம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் கல்லான மரம் படுத்துக் கிடக்கிறது. அரியலூர்ச் சுரங்கங்களில் கிளிஞ்சல் கற்கள் கைக்குச் சிக்கும். பூமியின் வயதில் ஆர்வமுள்ள யாரும் போய்ப் பார்க்கும் மண் இது. அந்த வயதை 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் கணக்கிட்டுச் சொன்ன கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் இருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகளை வைத்தே அதைக் கண்டுபிடித்தார். எதை அளந்தாலும் ஆய்வகத்தில் எங்கிருந்தோ ஈயம் வந்து கலந்து கணக்கைக் கெடுத்தது. தூசியில், தண்ணீரில், தலைமுடியில், எங்கும் ஈயம். கண்டுபிடிப்பு முடிந்ததும் அவர் அந்த அழுக்கைத் துரத்திக்கொண்டு போனார். 1965இல், மனித உடலில் இருக்கும் ஈயம் இயற்கையானது அல்ல, தொழில்கள் ஏற்றியது என்று எழுதி, பெட்ரோல் தொழிலின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

இனி பேட்டரி. உலகில் தோண்டியும் உருக்கியும் எடுக்கும் ஈயத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பேட்டரிக்குத்தான் போகிறது. கனரக லாரி பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றி இரவும் பகலும் ஓடும் லாரிகள் எத்தனையோ அத்தனைக்கும் பேட்டரி உண்டு. டிராக்டர், ஆட்டோ, அறுவடை இயந்திரம், ஜேசிபி எல்லாவற்றுக்கும் உண்டு. அதோடு இன்வெர்ட்டர். 2012ஐ ஒட்டிய பவர் கட் காலத்தில் வசதியுள்ள வீடுகள் முதல் ஜெராக்ஸ் கடைகள் வரை இன்வெர்ட்டர் வாங்கியது நினைவிருக்கும். அந்த பேட்டரிகளின் ஆயுள் நான்கைந்து வருடம். அதன் பின் ஒவ்வொன்றும் ஒருமுறையோ இரண்டு முறையோ கைமாறிப் பழைய இரும்புக் கடைக்கோ பேட்டரிக் கடைக்கோ போயிருக்கும்.

பழைய பேட்டரிக்குக் காசு உண்டு. அதனால் அதை யாரும் குப்பையில் எறிவதில்லை. நல்லதுதான். பிரச்சினை அடுத்த படியில். உரிமம் பெற்ற ஆலைக்குப் போனால் மூடிய இயந்திரத்தில் உடைபட்டு, புகை வடிகட்டப்பட்டு, ஈயம் திரும்பக் கட்டியாக வரும். இடையிலேயே பிரிந்து கைக் கோடாலிக்குப் போனால், பெட்டியைப் பிளப்பார்கள், ஆசிட்டைப் பள்ளத்தில் ஊற்றுவார்கள், தட்டுகளை உருவி எடுத்துத் திறந்த உலையில் போடுவார்கள். ஆசிட்டில் கரைந்த ஈயமும் தட்டிலிருந்து உதிர்ந்த சாம்பல்நிறப் பொடியும் மண்ணோடு மண்ணாகும். வேலை செய்தவர் அதே லுங்கியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார். செனகலில் டக்கார் அருகே தியாரோய் என்ற ஊரில் இப்படித்தான் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். பேட்டரி மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கி விற்பது அங்கே பெண்களின் பிழைப்பாக இருந்தது.

பேட்டரி விற்பவரே பழையதைத் திரும்பப் பெற்றுப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்ப வேண்டும் என்று 2001லேயே இங்கே விதி வந்தது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையிலும் ஏற்றின. சட்டம் தெளிவு. ஆனால் ரொக்கமாகக் கூடுதல் விலை கொடுக்கிறவருக்கு அந்தச் சட்டம் தடையே இல்லை. ஜிஎஸ்டி பில் போட்டு, புகைவடிகட்டி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்குக் காட்டுகிற ஆலையைவிட, கிணற்றடியில் உலை வைத்தவருக்குச் செலவு குறைவு. இந்த விலை வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் விதியைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிப் பயனில்லை.

பேட்டரியோடு ஒட்டிய சின்னத் தொழில் ஒன்றையும் சொல்ல வேண்டும். திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடம் ஓடுகிறது. உள்ளே ஏரிகளுக்கும் குறைவில்லை. வீச்சு வலையின் அடிவிளிம்பைச் சுற்றி ஈயக்குண்டுகள் கோத்திருப்பார்கள். வலை வட்டமாக விரிந்து விழுந்து சட்டென்று அடிக்குப் போவது அந்தக் கனத்தால்தான். ஈயம் 327 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் போதும். உருக்கி, அச்சில் வார்த்து, ஆறியதும் ஓரத்துப் பிசிறைச் சீவி எடுப்பது நாட்டில் பல கரைகளில் வீட்டு முற்றத்து வேலை. புகையைவிட அந்தப் பிசிறும் பொடியும்தான் கேடு. தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அது கிடக்கும். குண்டை நூலில் இறுக்கப் பல்லால் கடிப்பதும் உண்டு. ஈயத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலி கோத்த வலைகள் இருக்கின்றன. மீன்வளத் துறை வலைக்கு மானியம் தருவதென்றால் அந்த வலைக்குத் தரலாம்.

மஞ்சளுக்கு வருவோம். அவித்துக் காயவைத்த மஞ்சள் கிழங்கு கறுத்துச் சுருங்கி இருக்கும். பீப்பாயில் போட்டுச் சுழற்றி மெருகேற்றினால்தான் மஞ்சள் நிறம் வெளியே வரும். அந்தக் கடைசிச் சுற்றில் பளபளப்புக்காக ஒரு கைப்பிடி நிறப்பொடி தூவுவதில்தான் வம்பு தொடங்குகிறது. அந்தப் பொடி லெட் குரோமேட் என்றால், பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மஞ்சள் நிறம் தருகிற ஈயச் சாயம், கிழங்கின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட் பொடியை நம்பாமல் விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நம் வீடுகளின் பழக்கம். மிளகாய்க்கும் மல்லிக்கும் அது நல்ல காப்பு. மஞ்சளில் மட்டும் அது முழுக் காப்பு ஆகாது. அழுக்கு கிழங்கின் தோலிலேயே வந்துவிட்டால், அரைக்கும்போது நாமே அதைப் பொடிக்குள் கலக்கிறோம். அளவுக்கு மீறிப் பளிச்சிடும் கிழங்கைவிட மங்கலாக, கரடுமுரடாக இருப்பதை வாங்குவது மேல்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மஞ்சளில் ஈயத்துக்கு விதித்த வரம்பு கிராமுக்கு 10 மைக்ரோகிராம். ஸ்டான்ஃபோர்டின் ஜென்னா ஃபோர்சைத்தும் கூட்டாளிகளும் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய 356 மாதிரிகளைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். ஏழில் ஒன்றில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். பாட்னாவில் 1,000ஐத் தாண்டிய சரக்கும் கிடைத்தது. வரம்பு மீறிய மாதிரி அகப்பட்ட நகரங்களில் சென்னையும் ஒன்று. 1,000 என்றால் எவ்வளவு என்பதற்குப் பழைய கணக்குக்கே போகலாம். பிள்ளையின் சாப்பாட்டில் நாளுக்கு அரை கிராம் மஞ்சள் சேர்ந்தால் 500 மைக்ரோகிராம் ஈயம். அதன் ரத்தம் முழுவதுக்கும் எச்சரிக்கை அளவு வெறும் 40.

வங்கதேசம் இதை ஒழித்துக் காட்டியது. அங்கே 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. டாக்கா மொத்தச் சந்தையில் நடமாடும் நீதிமன்றம் போய், கையடக்கக் கருவியால் மூட்டையைச் சோதித்து, கலப்படச் சரக்கைப் பறிமுதல் செய்து, வியாபாரிகளுக்கு அங்கேயே அபராதம் விதித்தது, பத்திரிகைகள் எழுதின, சந்தை சந்தையாக எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள். 2021இல் அந்த 47 சதவீதம் பூஜ்யம் ஆயிற்று. நம்மிடம் ஈரோடும் சேலமும் இருக்கின்றன. மொத்தச் சந்தை சில இடங்களில் குவிந்திருப்பது இந்த வேலைக்கு வசதி. நாலு இடத்தில் பிடித்தால் நாற்பது ஊருக்குப் போகிற சரக்கு சுத்தமாகும்.

ஈயம் என்ற சொல் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் பேசப்பட்டது ஒரே ஒருமுறைதான்: 2015 ஜூனில், மேகி நூடுல்ஸுக்கு மாநில அரசு மூன்று மாதத் தடை விதித்தபோது. உத்தரப்பிரதேசத்தில் எடுத்த மாதிரி ஒன்றில், கிராமுக்கு 2.5 மைக்ரோகிராம் என்ற வரம்புக்கு எதிராக 17.2 இருந்ததாகச் சொன்னார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தேசியத் தடையை ரத்து செய்தது. நூடுல்ஸ் திரும்ப வந்ததும் ஈயமும் நினைவிலிருந்து போய்விட்டது. தினமும் குழம்பில் போடுகிற மஞ்சளை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

பாத்திரமும் பார்க்க வேண்டியதுதான். பழைய எஞ்சின் பாகம், கம்பி, டப்பா எல்லாம் உருக்கி வார்த்த அலுமினியத்தில் ஈயம் சேர்ந்துவிடும். அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி வைடன்ஹேமர் குழு பத்து வளரும் நாடுகளிலிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களை வாங்கி நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கொதிக்கவைத்துச் சோதித்தது; மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஈயம் விட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இண்டாலியம் என்று பெயர் சொல்லியே, சில இறக்குமதிப் பாத்திரங்களில் ஈயம் கசிகிறது என்று எச்சரித்தது. நாம் புளிக்குழம்புக்காரர்கள். புளி கரைத்து ஊற்றி, சுண்டக் காய்ச்சி, மறுநாளும் அதே சட்டியில் வைத்துச் சூடுபண்ணிச் சாப்பிடுகிறோம். மண்சட்டியோ எவர்சில்வரோ இரும்புச் சட்டியோ இருந்தால் புளிக்குழம்பை அதற்கு மாற்றிவிடலாம். இரும்புச் சட்டி சோகைக்கும் கைகொடுக்கும்.

பெயின்ட்டுக்கு 2016 நவம்பரில் விதி வந்து, 2017 நவம்பரில் அமலானது: பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. பெரிய கம்பெனிகள் மாறிவிட்டன. சிறு தயாரிப்பாளர் டப்பாக்களில் மீறல் தொடர்வதை டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பின் சோதனைகள் காட்டிவந்திருக்கின்றன. எனாமலில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள்தான் ஈயம் மிகுந்தவை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குப் பூச இதே நிறங்களைத்தான் சின்ன டப்பாவில் வாங்குகிறோம். பூசுவது வீட்டுப் பிள்ளைகள். உடம்பில் பூசுவதையும் பார்க்க வேண்டும். விளக்குக் கரியில் வீட்டில் செய்த கண்மையில் ஈயம் இல்லை. ஈயத் தாதுவான கலீனா கல்லை அரைத்த சுர்மாவில் நிறைய. சித்த மருத்துவத்தில் மேற்பூச்சுகளுக்கு வழங்கும் மிருதார்சிங்கி ஈயத்தின் ஆக்சைடேதான். தேர்ந்த வைத்தியர் அதன் எல்லை அறிவார். யாரோ கொடுத்த பொட்டலத்தைப் பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்பதுதான் பயம்.

யுனிசெஃபும் பியூர் எர்த்தும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிப் பேருக்கு, 5க்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் பங்கு சுமார் 27.5 கோடி. இவை மாதிரியிலிருந்து விரித்தெடுத்த கணிப்புகள். ஜார்ஜியா நாடு வேறு வழியில் போனது. 2018இல் வழக்கமான வீட்டுக் கணக்கெடுப்பிலேயே குழந்தைகளின் ரத்தத்தையும் எடுத்து ஈயம் பார்த்தார்கள். 41 சதவீதம் பேருக்கு 5 அல்லது அதற்கு மேல். நாடே அதிர்ந்தது, தேடிப்போனபோது மசாலாப் பொருட்கள் மாட்டின, அரசு சந்தையில் இறங்கியது. எண் கைக்கு வந்த பிறகுதான் அரசு அசைந்தது.

நம்மிடமும் அப்படியொரு வாசல் திறந்திருக்கிறது. ஆறாவது குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து சோகைச் சோதனையை எடுத்துவிட்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்தும் உணவு-உயிர்க்குறியீட்டு ஆய்வுக்கு மாற்றினார்கள். அதில் விரலில் குத்துவதில்லை. நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள். ஈயத்துக்கு அதுவே ஏற்ற முறை. விரல் நுனியில் ஒட்டிய தூசியே கணக்கை உயர்த்திக் காட்டிவிடும். எடுக்கிற ரத்தத்தில் இன்னொரு சிறு குழாய் நிரப்பினால் போதும்.

டெல்லி செய்யும் வரை இரண்டு மாவட்டங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. அரியலூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்தோறும் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன. யாரை முதலில் சோதிப்பது என்பதிலும் குழப்பமில்லை. பேட்டரிக் கடையிலும் பழைய இரும்புக் கடையிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். ஈயம் உருக்கும் வீட்டுப் பிள்ளைகள். அங்கன்வாடிக் குறிப்பேட்டில், மூன்று மாதம் ஒழுங்காக இரும்புச்சத்து மருந்து குடித்தும் ஹீமோகுளோபின் ஏறாத பிள்ளைகள். மண் தின்கிறது என்று தாய் சொல்லும் பிள்ளைகள். 45க்கு மேல் போனால்தான் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து. அதற்குக் கீழே இருக்கிற பெரும்பாலோருக்கு, ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைப்பதும், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் முட்டையும் தட்டில் தவறாமல் விழச்செய்வதும்தான் வைத்தியம். கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல். கால்சியம் நிறைந்த குடல் ஈயத்துக்கு அவ்வளவு எளிதில் இடம்கொடுக்காது. ஆனால் தரையை ஈரத்துணியால் துடை, பிள்ளையின் கையைக் கழுவு, கீரை சமை என்று எல்லாவற்றையும் தாயின் தலையில் கட்டிவிட்டு மஞ்சள் மண்டியையும் பேட்டரி உலையையும் விட்டுவிடுகிற சுகாதாரப் பிரசாரம் நமக்கு வேண்டாம்.

பெரம்பலூரில் நான்கு தாலுகா: பெரம்பலூர், குன்னம், ஆலத்தூர், வேப்பந்தட்டை. அரியலூரிலும் நான்கு: அரியலூர், செந்துறை, உடையார்பாளையம், ஆண்டிமடம். தாலுகாவுக்கு நூறு பிள்ளை என்றால் எண்ணூறு குழாய் ரத்தம். சென்னை ஆய்வில் இருந்தவர்கள் 756 பேர்.